முப்பத்திரண்டு தொப்பிகள்

சென்னையைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் சென்னையில் குடியிருக்கக் கூடாது. நான் நங்கநல்லூரில் முப்பத்தோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். அதனால் ஒன்றையும் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மூன்றே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஊருக்குப் போகுமுன் எனக்கு விவரமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

என் மனைவி ஜோதிலட்சுமி கேட்டது ஒரே ஒரு இடம்தான். அடையாற்று ஆலமரம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது யாரோ டீச்சர் அதன் படத்தைக் காட்டினாராம். கல்யாணமான புதிதில், "இங்கதானே இருக்கு, ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "அடுத்த வாரம்" என்றேன். அவள் சண்டை போட்டிருந்தால் அந்த அடுத்த வாரமே போயிருப்போம். அவளோ வருஷத்துக்கு ஒரு தடவை, எங்கள் கல்யாண நாளன்று, "மரம்தானே, எங்கயும் போயிடாது" என்று மட்டும் சொல்வாள். அதைக் கேட்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்து போன மாதம் ஓய்வு பெற்றேன். படிவம் இல்லாமல் எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் பெருநகர நாள் உலாக் கழகத்தின் விளம்பரம் கண்ணில் பட்டது. "ஒரே பகல். பன்னிரண்டு இடங்கள்." பட்டியலில் பதினோராவது இடம் ஆலமரம். வீட்டு வாசலில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்துக்கு, நான்கு பக்கப் படிவம் ஒன்றை நிரப்பி, இரண்டு பேருக்கும் முன்பதிவு செய்தேன். இந்தக் கல்யாண நாளுக்கு அந்த ஒரு வரியை அவள் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் என் எண்ணம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தி. நகரில் கழக அலுவலக வாசலில் நின்றோம். பஸ் தயாராக நின்றது. முப்பத்திரண்டு பேரும் வந்துவிட்டோம். ஆனாலும் வண்டி கிளம்பவில்லை. தொடக்க விழா இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் உண்டாம். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு, போன வார உலாவை நடத்தியவருக்கு இந்த வார உலாவை நடத்துபவர் பொன்னாடை போர்த்த வேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்பதால் அவரே தமக்குப் போர்த்திக்கொண்டு, தமக்கே நன்றியும் சொன்னார்.

அவர் பெயர் நெடுஞ்செழியன். பதவி, துணை மேலாளர் (பார்வை). கழுத்தில் விசில், ஒரு கையில் மைக், இன்னொரு கையில் நிறுத்துக் கடிகாரம்.

"அன்பார்ந்த உலாவினரே," என்று ஆரம்பித்தார். "ஓரிடத்தில் நின்று பார்ப்பவர் அந்த ஓரிடத்தை மட்டுமே பார்க்கிறார். நிற்காமல் செல்பவர் எல்லா இடத்தையும் பார்க்கிறார். சென்ற ஆண்டு எமது கழகம் ஒரு பகலில் எட்டு இடங்களைக் காட்டியது. இவ்வாண்டு பன்னிரண்டு. வரும் ஆண்டு இருபது. பார்க்கும் நேரத்தை வெகுவாகக் குறைத்ததன் மூலமே இச்சாதனை நிகழ்ந்தது என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அப்போது எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நாற்பது நிமிடம் பேசினார். பிறகு கருத்துப் படிவம் கொடுத்தார்கள். 'உலா எப்படி இருந்தது?' என்று கேட்டிருந்தது. இன்னும் கிளம்பவே இல்லையே என்றேன்.

"மாலையில் களைப்பாக இருப்பீர்கள் சார். களைத்தவர்கள் குறையாக எழுதுகிறார்கள். அதனால் கருத்தைக் காலையிலேயே வாங்கிவிடுகிறோம்" என்றார் நெடுஞ்செழியன்.

"மிக நன்று. குறிப்பாக ஆலமரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்து மஞ்சள் தொப்பிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணும் பெயரும் ஒட்டியிருந்தன. நான் பதினாறு. ஜோதிலட்சுமி பதினேழு.

"இந்த நிமிடம் முதல் தொப்பிதான் நீங்கள்" என்று நெடுஞ்செழியன் விளக்கினார். "முன்பெல்லாம் முகத்தைப் பார்த்து எண்ணினோம். முகங்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்ளும், கணக்கு உதைக்கும். தொப்பி எந்தப் பக்கம் திரும்பினாலும் தொப்பிதான். முப்பத்திரண்டு தொப்பி வந்தால் வண்டி கிளம்பும்."

"பூ நசுங்கிடும்ங்க" என்று ஜோதிலட்சுமி என் காதில் சொன்னாள். "எல்லாரும் போட்டுக்கறாங்கல்ல, போட்டுக்கோ" என்றேன். ஊரோடு ஒத்து வாழ் என்பதுதான் என் சர்வீஸ் முழுவதும் நான் கடைப்பிடித்த கொள்கை.

முதல் இடம் பாண்டி பஜார். எட்டு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? ஷட்டர்களைப் பார்த்தோம். "மூடிய கடையில்தான் எமது உலாவினரின் பணம் பத்திரமாக இருக்கிறது" என்றார் நெடுஞ்செழியன். கழகத்தின் பேனரைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். அதற்குப் பெயர் ஆதாரப் படம். படம் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த இடத்தை நாம் பார்த்ததாகக் கணக்கு. இரண்டாவது இடம் ஒரு பூங்கா. அதைப் பேனருக்குப் பின்னால் எங்கோ பார்த்தோம்.

மூன்றாவது இடம் மயிலாப்பூர். குளத்தங்கரையில் இறக்கிவிட்டார்கள். ஒதுக்கிய நேரம் பதினோரு நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் ஆதாரப் படத்துக்கு. கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு வரிசையாக நின்றோம். பேனரை உயர்த்திப் பிடித்ததில் கோபுரம் பாதி மறைந்தது. இன்னும் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார்கள். முழுக்க மறைந்தது. "அருமை" என்றார் நெடுஞ்செழியன்.

நான் முதல் வரிசையில் பேனரின் ஒரு நுனியைப் பிடித்திருந்தேன். பின்னால் என்ன நடந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நாலாவது வரிசையில் நின்ற ஜோதிலட்சுமிக்குக் கோபுரத்தைப் பார்க்க வேண்டும் என்ற விபரீதமான ஆசை வந்திருக்கிறது. தலையிலே பூ வேறு நசுங்குகிறது. மாட வீதி முனையில், கூலி வேலைக்குக் கூப்பிட ஆள் வருமா என்று பெயின்ட் பிரஷ்ஷும் தூக்குச் சட்டியுமாக ஒருவர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போய், "ஏம்ப்பா, இந்தத் தொப்பிய ஒரு நிமிஷம் வெச்சிரு. வெயிலா இருந்தா போட்டுக்கோ" என்று கொடுத்துவிட்டு, கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சந்நிதித் தெரு வரைக்கும் போய்விட்டாள்.

விசில் ஊதியது. நெடுஞ்செழியன் மஞ்சள் தொப்பிகளை எல்லாம் வண்டிக்குள் தள்ளினார். நான் ஏறி உட்கார்ந்து, மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்காக ஜன்னலோர இடத்தை விட்டுவைத்தேன். நெடுஞ்செழியன் எண்ணினார். முப்பத்திரண்டு. வண்டி கிளம்பியது. என் பக்கத்தில் பதினேழாம் எண் தொப்பி போட்டுக்கொண்டு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா நைனா, மீட்டிங் எங்க?" என்று கேட்டார்.

"என்ன மீட்டிங்?"

"அத்தான் நானும் கேக்கறேன். எந்தக் கச்சி? தொப்பி குட்த்தாங்க, பஸ்ஸு நிக்கிது, விசில் அட்ச்சி ஏறு ஏறுன்னாரு. ஏறிக்கினேன். வேலைக்கி இனிமே யாரும் கூப்ட மாட்டாங்க, மணி ஒம்போதாவுது." சுற்றும் முற்றும் பார்த்தார். "கொடி கூடத் தர்ல. புதுக் கச்சியா?"

அவர் பெயர் கபாலி. பெயின்டர். நான் எழுந்து நின்று, "சார், வண்டியை நிறுத்துங்க, என் மனைவி ஏறவில்லை" என்று கத்தினேன்.

நெடுஞ்செழியன் பதற்றமே இல்லாமல் மறுபடி எண்ணினார். "முப்பத்திரண்டு. எல்லோரும் இருக்கிறார்களே சார்."

"என் மனைவி இல்லையே."

"எண்?"

"பதினேழு."

"பதினேழு உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது."

"இவர் ஆண் பிள்ளை சார்."

"எமது பட்டியலில் ஆண், பெண் என்ற கட்டமே கிடையாது. உலாவினர் அனைவரையும் சமமாக நடத்துகிறோம்" என்றார் அவர். குரலில் உண்மையான பெருமை இருந்தது. "ஒருவர் குறைந்தால்தான் வண்டியைத் திருப்ப விதி இருக்கிறது. ஒருவரும் குறையவில்லை. குறையாதவரை எப்படி சார் தேடுவது?"

நான் முப்பத்து நாலு வருஷம் இதே மாதிரி பதிலைத்தான் கவுன்ட்டருக்கு வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இதற்கு மேல் கேட்டுப் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் போனுக்கு அடித்தேன். என் மடியிலிருந்த கைப்பைக்குள் மணி ஒலித்தது.

ஐந்து நிமிடம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஜோதிலட்சுமிதான். கோயில் வாசல் பூக்காரம்மா போனிலிருந்து பேசினாள். "என்னங்க, பஸ்ஸைக் காணோம். எங்க இருக்கீங்க?"

போனைத் துணை மேலாளரிடம் நீட்டினேன். ஆதாரம் என்றால் இதைவிட என்ன வேண்டும்? அவர் வாங்கி, "வணக்கம் அம்மா. பதற வேண்டாம். நீங்கள் பேருந்தில்தான் இருக்கிறீர்கள்" என்றார்.

அவள் கேட்டது எனக்கும் கேட்டது. "அப்படிங்களா? சௌகரியமா உக்காந்திருக்கேனா?"

"ஜன்னலோர இருக்கை அம்மா."

"அப்ப சரி சார். அவர்கிட்ட குடுங்க." நான் வாங்கினேன். "கேட்டீங்களா? நான் அங்க சௌகரியமா இருக்கேனாம். அப்ப இங்க நிக்கறவளுக்கு வேலை ஒண்ணும் இல்ல. நான் கோயிலைப் பார்த்துட்டு 29சி ஏறி நேரா மரத்துக்குப் போறேன். பொம்பளைங்களுக்கு பஸ்ஸு காசே இல்ல. நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

"பதினோராவது இடம். மூணு மணி இருக்கும்."

"நாலு மணிக்கெல்லாம் கேட்டைச் சாத்திடுவாங்களாம், பூக்காரம்மா சொல்றாங்க. வந்துடுவீங்கல்ல?"

"வந்துடறேன்" என்றேன். அடுத்த வாரம் என்று சொன்ன அதே குரலில் சொல்லிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

நாலாவது இடம் கடல். இறங்கவில்லை. "இடதுபுற இருக்கையினர் இப்போது கடலைக் காணலாம். வலதுபுற இருக்கையினர் திரும்பி வரும்போது காண்பார்கள்" என்று அறிவிப்பு வந்தது. திரும்பி இந்த வழியாக வரமாட்டோமே என்று வலது பக்கத்தில் ஒருவர் கேட்டார். "அது அடுத்த உலாவில்" என்றார் நெடுஞ்செழியன். ஐந்தாவது இடத்தில் ஆதாரப் படம் எடுக்கும்போது, கபாலி தொழில் தெரிந்தவராதலால், யாரும் சொல்லாமலே கையை உயர்த்தி, "வாழ்க, வாழ்க" என்று முழங்கினார். பத்துப் பேர் கூடவே முழங்கினார்கள். நெடுஞ்செழியன் கண் கலங்கிவிட்டார். பதினேழாம் எண் மிகவும் ஒத்துழைப்பதாக என்னிடம் பாராட்டி, "கொடுத்து வைத்தவர் சார் நீங்கள்" என்றார்.

"இன்னா நைனா இது," என்றார் கபாலி, வண்டி மறுபடி ஓட ஆரம்பித்ததும். "நானும் எத்தினியோ மீட்டிங் பாத்துகிறேன். ஒரு எடத்துல குந்த வெப்பான், பேசுவான், பொட்லம் குடுப்பான், வூட்டாண்ட இட்டாந்து வுட்ருவான். இன்னாத்துக்கு ஏத்தி ஏத்தி எறக்கறாங்க? தலீவரு இன்னும் வர்லியா?"

இது மீட்டிங் இல்லை, சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி அதிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "அந்த அக்காவா? நல்ல மன்சி. வெயில்ல நிக்கிறேன்னு குட்த்துது." மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

அடையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது நெடுஞ்செழியன் மைக்கில், "ஆறாவது இடம். ஆற்றங்கரை. முன்பு இங்கே ஒன்றும் இல்லை. இப்போது அழகுபடுத்தப்பட்டுள்ளது" என்றார்.

"ஒண்ணும் இல்லியா?" கபாலி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். "அந்தக் கரண்டு கம்பம் கீது பாரு நைனா, அத்தாண்டதான் எங்க வூடு. எர்நூறு வூடு. அப்பறம் பெரும்பாக்கத்துல கொண்டுபோய் வுட்டுட்டாங்க. அங்கேர்ந்து காலீல நாலு மணிக்குக் கெளம்பி மயிலாப்பூர் வந்து நிக்கிறேன்."

"அது பட்டியலில் இல்லை" என்றார் நெடுஞ்செழியன். குரலில் கோபம் இல்லை. பட்டியலைப் பார்த்துத்தான் சொன்னார்.

பாலம் தாண்டியதும் இடது கைப் பக்கம் அந்தப் பழைய தோட்டத்தின் வாசல். உள்ளேதான் மரம். வாசலில் காவலரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு பச்சைப் புடவையில் ஒருத்தி நின்றாள். தலையில் பூ நசுங்காமல் இருந்தது. முப்பத்தோரு வருஷமாகப் பார்க்கிற முதுகு எனக்குத் தெரியாதா?

"சார், நிறுத்துங்க. அதோ என் மனைவி. இதுதான் ஆலமரம் இருக்கிற இடம். இங்கேயே பார்த்துவிடலாமே."

"இப்போது ஆறு முடிந்து ஏழுக்குப் போகிறோம் சார். ஆலமரம் பதினொன்று. ஆறிலிருந்து பதினொன்றுக்கு எப்படிப் போவது? நடுவில் நாலு இடத்தை யார் பார்ப்பது?"

"என் மனைவி அங்கே நிற்கிறாள் சார்."

அவர் விரலை நீட்டி எண்ணினார். முப்பத்திரண்டு. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அப்போதே குதித்து இறங்கியிருக்கலாம். இறங்கத்தான் எழுந்தேன். "நடுவழியில் இறங்குவோர் மூன்று நாட்களுக்கு முன்னதாகப் படிவம் ஆறு கொடுக்க வேண்டும்" என்றார் அவர். படிவம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கால்கள் தாமாக மடங்கி உட்கார்ந்துவிட்டன. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏழாவது இடம் பெசன்ட் நகர் கடற்கரை, ஆறு நிமிடம், கடலுக்கு முதுகு. காற்றில் பேனர் பறந்து நாலு பேர் முகத்தை மூடிக்கொண்டது. தொப்பிகளின் எண்ணிக்கை சரியாக இருந்ததால் அந்தப் படமும் செல்லும் என்றார்கள். எட்டாவது இடம் பாலவாக்கத்தில் எங்களுக்குச் சாப்பாடு போட்ட மண்டபமேதான். வேகவேகமாகப் பார்த்ததில் பதினொன்றே காலுக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் சாப்பாட்டு நேரம் ஒரு மணி என்று பட்டியலில் இருந்தது. ஆகவே மிச்சப்படுத்திய ஒன்றே முக்கால் மணி நேரத்தையும் நிறுத்திய வண்டிக்குள் உட்கார்ந்து செலவழித்தோம். அந்த நேரத்தில் நெடுஞ்செழியன் நேர மேலாண்மை பற்றிப் பேசினார். கபாலி தூக்குச் சட்டியைத் திறந்து, எனக்கும் பாதிச் சோறு கொடுத்தார்.

ஒன்பதாவது இடம் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் போய்க்கொண்டிருந்ததால் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பத்தாவது இடம் அடையாறு சிக்னல். அங்கே நெரிசலில் இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். அன்றைக்கு நாங்கள் நன்றாகப் பார்த்த இடம் என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

மூன்றரை ஆகிவிட்டது. தோட்டத்தின் நீண்ட மதில் தெரிய ஆரம்பித்ததும் நான் ஜோதிலட்சுமியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். நெடுஞ்செழியன் மைக்கை எடுத்தார்.

"அன்பார்ந்த உலாவினரே. பதினோராவது இடம், உலகப் புகழ்பெற்ற ஆலமரம். பேருந்து உள்ளே செல்ல அனுமதி இல்லை. நடந்தால் போவதற்குப் பத்து நிமிடம், வருவதற்குப் பத்து நிமிடம். எமக்கு ஒதுக்கப்பட்டதோ மூன்று நிமிடம். ஆகவே வண்டியின் வேகத்தை மட்டும் குறைத்துச் செல்கிறோம். வலதுபுறம் மதிலைக் காண்கிறீர்கள். மதிலுக்கு அப்பால் மரங்கள். அம்மரங்களுக்கு அப்பால் அந்த மரம். கண்டதாகக் கருதப்படும்."

வண்டியில் எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு அம்மாள் மதிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அரை மணி நேரம்தான் இருக்கிறது. இந்த வண்டி பன்னிரண்டாவது இடத்துக்கும், பிறகு தி. நகருக்கும் போய்விடும். அங்கிருந்து நான் திரும்பி வருவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அவள் வெளியே வந்து ரோட்டோரமாக நின்றுகொண்டு, கோபித்துக்கொள்ளாமல், சிரித்த முகமாக அந்த ஒரு வரியைச் சொல்வாள். அடுத்த வருஷமும் சொல்வாள்.

"எறங்கு நைனா" என்றார் கபாலி.

"படிவம் ஆறு..."

"படிவமாவது ஒண்ணாவது. அந்தாளு மூஞ்சியப் பாக்கறாரா? தொப்பியத்தான பாக்கறாரு. உன்னுத இப்டி குடு." என் தலையிலிருந்த தொப்பியை எடுத்தார். தம்முடைய தொப்பிக்கு மேல் வைத்தால் ஒன்றாகத் தெரியும் என்று யோசித்து, பக்கத்தில் காலியாகப் போகிற என் இருக்கையின் முதுகில் மாட்டிவைத்தார். "மீட்டிங்ல ஆள் கொறஞ்சா நாங்க இப்டிதான் பண்ணுவோம். நா பாத்துக்கறேன், நீ போ. அக்கா காத்துக்கினு இருக்கும்."

பிறகு முன்னால் போய், காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டிய டிரைவர் லாரன்ஸின் காதில் ஏதோ சொன்னார். லாரன்ஸ் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். வண்டி குலுங்கி ஓரமாக நின்றது.

"என்ன லாரன்ஸ்?" என்றார் நெடுஞ்செழியன்.

"எஞ்சின் சூடாயிடுச்சு சார். ரெண்டு நிமிஷம் நிக்கணும். காத்து வரட்டும்னு கதவைத் தொறந்து வெக்கிறேன்."

நான் இறங்கினேன். சர்வீஸில் ஒரு நாள்கூட அனுமதி இல்லாமல் சீட்டை விட்டு எழுந்திராத நான், இறங்கி ஓடவே ஓடினேன். எனக்குப் பின்னால் நெடுஞ்செழியன் எண்ணும் குரல் கேட்டது. "முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. சரி, போகலாம்."

உள்ளே நடக்க நடக்க ஊர் சத்தம் குறைந்துகொண்டே போனது. மரத்துக்குக் கிட்டே ஒரு பெஞ்சில் ஜோதிலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது.

"காலையிலேர்ந்து இங்கேயேவா இருக்கே?"

"மத்தியானம் வெளிய போய், பூக்காரம்மா குடுத்த காசுல தயிர்சாதம் சாப்ட்டுட்டு வந்தேன். மத்தபடி இங்கதான்." இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். "தொடச்சிக்கோங்க. எத்தனை இடம் பார்த்தீங்க?"

"பத்து."

"நான் ரெண்டு" என்றாள்.

பிறகு அவளே மரத்தைக் காட்டிச் சொன்னாள். "ஒண்ணு தெரியுமா? டீச்சர் படத்துல காட்டின அடிமரம் இப்ப இல்லியாம். எப்பவோ ஒரு காத்துல சாஞ்சிடுச்சாம், நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே. இப்ப நிக்கறது பூரா விழுதுங்கதானாம். எங்கயும் போயிடாதுன்னு வருஷா வருஷம் உங்களைக் குத்திக்கிட்டே இருந்தேன். அது எப்பவோ போயிடுச்சு." என் பக்கம் திரும்பினாள். "அதனால பாதித் திட்டை வாபஸ் வாங்கிக்கறேன்."

"மீதிப் பாதி?"

"அது இருக்கட்டும்."

நான் மரத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு விழுதும் தரையில் இறங்கி, தடித்து, தானே ஒரு மரமாக நின்றது. காலையிலிருந்து ஏறிய பழக்கம் விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை மடக்கிக்கொண்டே போனேன். பதினேழு வரை வந்திருப்பேன். அவள் என் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள்.

"எண்ணாதீங்க" என்றாள்.

காவலர் வந்து மணி நாலு ஆகிவிட்டது என்று சொல்லும்வரை அப்படியே இருந்தோம்.

பத்து நாள் கழித்துக் கழகத்திலிருந்து தபால் வந்தது. இரண்டு சான்றிதழ்கள், கூடவே ஒரு பாராட்டுக் கடிதம். கருணாகரன், ஜோதிலட்சுமி தம்பதியினர் பன்னிரண்டு இடங்களையும் கண்டு களித்ததோடு, உலா முழுவதும் முன்மாதிரியாக ஒத்துழைத்ததால், அந்த மாதத்தின் சிறந்த உலா இணையராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்களாம். பன்னிரண்டாவது இடத்தில் எடுத்த ஆதாரப் படத்தையும் வைத்திருந்தார்கள். பேனருக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. நட்ட நடுவில், ஒரு தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, இன்னொன்றைக் கையில் உயர்த்திப் பிடித்து, கபாலி சிரித்துக்கொண்டிருந்தார். சிறந்த இணையர் என்று அவர் மேல் ஒரு அம்புக்குறி போட்டிருந்தது.

அந்த வாரம், மாட வீதி முனையில் நாங்கள் தேடிப்பிடித்துக் கூப்பிட்டு, எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்திருந்த கபாலியிடம் படத்தைக் காட்டினோம். ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். "பேச்சு மட்டும் நம்ம மீட்டிங்கவிட நீட்டு. ஆனா ரெண்டு பேர் பொட்லமும் என்கிட்டயே குட்த்துட்டாங்க, அத்தச் சொல்லணும்" என்றார். படத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டோம்.

சான்றிதழில் பன்னிரண்டு இடங்களின் பெயர்களும், ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறிப்பும் அச்சாகியிருந்தன. ஜோதிலட்சுமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தாள். பதினோராவது வரியில் விரல் நின்றது. 'ஆலமரம்: கண்டதாகக் கருதப்படும்.'

காலண்டருக்குப் பக்கத்தில் தொங்கிய பேனாவை எடுத்தாள். அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரு கோட்டால் அடித்துவிட்டு, மேலே 'பார்த்தோம்' என்று எழுதினாள்.